சிவப்பு ராட்சத விண்மீன்களை வைத்துத் தூரம் அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹபிள் எடுத்த பழைய படங்கள் எல்லோருக்கும் இலவசம். பாளையங்கோட்டை விடுதி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தே பக்கத்து விண்மீன் மண்டலம் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். ப்ராஜெக்டுக்கு இதை எடுக்கும் நெல்லை மாணவர்களுக்குச் சூத்திரம் சிரமம் தராது. படத்தின் எந்த மூலையில் அளக்கிறோம் என்பதில்தான் பிழை புகுந்துவிடும்.

சூரியனை ஒத்த விண்மீன் முதுமையில் சிவப்பு ராட்சதமாக ஊதி, பொலிவு ஏறிக்கொண்டே போகும். அதன் ஹீலியம் மையம், சூரிய நிறையில் பாதியை நெருங்கும்போது சட்டென்று பற்றிக்கொள்கிறது. அதோடு விண்மீன் மங்கத் தொடங்கும். மங்கும் முன் எட்டிய அந்த உச்சத்தின் தனிப்பொலிவெண் (32.6 ஒளியாண்டு தூரத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் பொலிவு; எண் குறையக் குறையப் பொலிவு கூடும்) ஐ-பட்டையில், அதாவது சிவப்பை அடுத்த அகச்சிவப்பு ஒளியில், சுமார் −4.05. படத்தில் அந்த உச்சம் 24.00-இல் தெரிந்தால், வித்தியாசம் 28.05, தூரம் 1 கோடியே 33 லட்சம் ஒளியாண்டு.

மண்டலத்தின் தட்டையான வட்டுப் பகுதியில் அளப்பதுதான் பெரிய தவறு. ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக்குள் நின்று தலை எண்ண முடியுமா? வட்டிலும் அதே நெரிசல். ஒரே பொலிவுள்ள இரண்டு விண்மீன் ஒட்டித் தெரிந்தால் ஒன்றாகப் பதிந்து, பொலிவெண் 0.75 குறையும், தூரம் 29 சதவீதம் சுருங்கிவிடும். உச்சத்தைவிடப் பொலிவான நடுவயது விண்மீன்களும் அங்கேதான் கலந்து கிடக்கும். வட்டைச் சூழ்ந்த, கூட்டம் ஓய்ந்த வெளி ஒளிவட்டத்துக்குப் போங்கள். ஆனால் ரொம்பவும் வெளியே போய்விடக் கூடாது: உச்சத்துக்குக் கீழே ஒரு பொலிவெண்ணுக்குள் 100 விண்மீனாவது இல்லாவிட்டால் உச்சம் கீழிறங்கித் தெரியும், தூரம் கூடிவிடும்.

அடுத்தது தூசி. குற்றாலச் சாரலுக்குள் தெருவிளக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக அது தள்ளிப் போய்விட்டது என்பீர்களா? நம் பால்வீதித் தூசி 0.10 மங்கச் செய்திருந்தால், அதைக் கழித்து 23.90 என்று எடுக்க வேண்டும். மேலே சொன்ன தூரம் 1 கோடியே 27 லட்சமாகும். கழிக்க மறந்தால் 6 லட்சம் ஒளியாண்டு பிழை!

பொலிவெண்ணின் பூஜ்யத்தை வெவ்வேறு இடத்தில் வைக்கும் வேகா அளவை, ஏபி அளவை இரண்டையும் கலக்காதீர்கள். ஐ-பட்டைக்கு ஈடான ஹபிளின் எஃப்814டபிள்யூ ஒளி வடிகட்டியில் இரண்டுக்கும் ஏறத்தாழ 0.4 வித்தியாசம். −4.05 என்பது வேகா அளவை.

உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) மிகுந்த விண்மீன்களின் உச்சம் ஐ-பட்டையில் சாய்ந்து மங்கும். அதனால் மிகச் சிவந்தவற்றை விலக்குங்கள். விண்மீன்களைப் பொலிவெண் வாரியாகப் பெட்டிகளில் எண்ணி, எண்ணிக்கை சட்டென்று மாறும் விளிம்பைத் தேடும் கணக்கு முறைதான் சோபெல் வடிகட்டி; அதற்கு 0.05 பொலிவெண் அகலப் பெட்டிகளில் தொடங்கலாம். பெட்டி மிகச் சிறிதானால் இரைச்சலே உச்சமாகக் காட்டும். அகலத்தை மாற்றி மாற்றிப் போட்டும் அதே இடத்தில் நிற்கும் உச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.