அமெரிக்க சுங்க அதிகாரிகளின் ஓய்வூதியத் திருத்த மசோதா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் நீலச் சீருடைக்காரர்கள்தான் சிபிபி, அதாவது சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள். அவர்களில் 1,300க்கும் மேற்பட்டோரின் ஓய்வூதியக் குளறுபடியைச் சரிசெய்யத்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரு திருத்த மசோதா வந்தது. அதைப் பற்றிப் பேசும்போது பலர் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, 'எல்லையில் வேலை செய்கிற எல்லோருக்கும்' என்று எடுத்துக்கொள்வது. நுழைவு நிலையங்களுக்கு இடைப்பட்ட எல்லையைக் காக்கும் பச்சைச் சீருடை பார்டர் பேட்ரோல்காரர்களுக்குச் சட்ட அமலாக்க ஓய்வூதியம் முன்பே இருந்தது. பெட்டியில் மாங்காய் இருக்கிறதா என்று பார்க்கும் வேளாண் நிபுணர்களுக்கு அது இப்போதும் இல்லை. இந்த விவகாரம் நீலச் சீருடை அதிகாரிகளுடையது மட்டுமே.

இதை ஏதோ புதுச் சலுகை என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. அந்தச் சட்ட அமலாக்க ஓய்வூதியம் நீலச் சீருடைக்காரர்களுக்கும் 2008 ஜூலை 6 முதலே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி 20 ஆண்டு சர்வீஸுடன் 50 வயதில் ஓய்வு பெறலாம். ஓய்வூதியத்தைக் கணக்கிடும்போது முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குச் சராசரிச் சம்பளத்தில் 1.7 சதவீதம் வரும். சாதாரண ஊழியருக்குப் பொதுவாக 1 சதவீதம்தான். பதிலுக்கு 57 வயதில் கட்டாய ஓய்வு. அந்த வயதில் 20 ஆண்டு முடியாதவர் முடியும் வரை நீடிக்கலாம். அந்தத் தேதியில் ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு: கட்டாய ஓய்வு கிடையாது, 20 ஆண்டு முடிக்காவிட்டாலும் அந்தத் தேதிக்குப் பிந்தைய சர்வீஸுக்கு 1.7 சதவீதம் உண்டு.

சிக்கல் இங்கேதான். ஜூலை 6க்கு முன் நிபந்தனையுடன் கூடிய வேலை அழைப்பைப் பெற்று, அதன்பின் பணியில் சேர்ந்தவர்களையும் நிர்வாகம் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடியது. பிறகு, 'சட்டப்படி உங்களுக்கு இது பொருந்தாது' என்று சொல்லிவிட்டார்கள். 2008 இலையுதிர் காலத்தில் 45 வயதில் சேர்ந்த ஒருவர், 62 வயதில், 17 ஆண்டு சர்வீஸுடன் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரிச் சம்பளம் 1,00,000 டாலர் என்றால், விலக்கு இருந்தால் ஆண்டுக்கு 28,900 டாலர் ஓய்வூதியம்; இல்லையென்றால் 17,000. பணியில் சேர்ந்த நாள் சில வாரம் தள்ளிப்போனதற்கு இவ்வளவு விலை.

'விலக்கு உண்டு என்று அதிகாரியே எழுதிக் கொடுத்தாரே, கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாமே?' என்று நம்புவதும் தவறுதான். இதற்கு 1990இலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. கடற்படையில் வெல்டராக இருந்த ரிச்மண்ட் என்பவர், வருமான வரம்பு பற்றி அலுவலகம் தந்த பழைய தகவலை நம்பிக் கூடுதலாகச் சம்பாதித்து, இயலாமை ஓய்வூதியத்தில் ஆறு மாதப் பணத்தை இழந்தார். அரசு ஊழியர் தவறாகச் சொன்னாலும், காங்கிரஸ் ஒதுக்காத பணத்தைக் கருவூலத்திலிருந்து தர முடியாது என்றது தீர்ப்பு. கறாரான தீர்ப்பு, சாமானியருக்குக் கசப்பானதும்கூட. ஆனால் சட்டம் அதுதான். துறையே மனம் இரங்கினாலும் போதாது, அந்த விலக்கைக் காங்கிரஸ்தான் சட்டமாக எழுத வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே.

2000ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திருத்தச் சட்டத்தைச் சிலர் இதற்குள் இழுத்துவிடுகிறார்கள். அது, மொத்தமாகத் தவறான ஓய்வூதியத் திட்டத்திலேயே போடப்பட்டவர்களுக்கானது. இவர்கள் சரியான திட்டத்தில்தான் இருந்தார்கள், உள்ளே இருந்த பிரிவுதான் தவறு.

அப்புறம், மசோதா அறிமுகமானதையே 'சட்டம் வந்துவிட்டது' என்று பகிர்வது. இரு அவைகளும் ஒரே வாசகத்தை நிறைவேற்றி, குடியரசுத் தலைவரிடம் போக வேண்டும். அந்த காங்கிரஸின் இரண்டு ஆண்டுக் காலத்துக்குள் முடியாவிட்டால் மசோதா காலாவதி, அடுத்த காங்கிரஸில் மறுபடி தொடக்கத்திலிருந்து. ஆகவே செய்தித் தலைப்பை நம்பி ராஜினாமாக் கடிதம் எழுதிவிடக் கூடாது.

சம்பந்தப்பட்டவர்களுக்கு முக்கியமான காகிதங்கள் இரண்டு: வேலை அழைப்புக் கடிதம், பணியில் சேர்ந்ததைக் காட்டும் எஸ்எஃப்-50 படிவம். இரண்டிலும் உள்ள தேதிகள் ஜூலை 6க்கு எந்தப் பக்கம் விழுகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற கணக்கெல்லாம்.