ஓலைக்கூடை விற்பவருக்கு எந்தக் கார்ட் மென்பொருள் பொருந்தும்?

பனையோலைக் கொட்டானும் மூடிபோட்ட பெட்டியும் விற்கும் எங்கள் சிறு தொழிலுக்கு இணையக் கடை வைக்க முடிவெடுத்தபோது, எந்தக் கார்ட் மென்பொருளில் (பொருளைக் காட்டி ஆர்டரும் பணமும் வாங்கித் தரும் மென்பொருளில்) முகப்பு அழகாக அமைகிறது என்பதைப் பார்ப்பதிலேயே நான் இரண்டு வாரங்களைச் செலவிட்டேன். முகப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கூரியர் கட்டணமும் இருப்புக் கணக்கும் பொருளின் தன்மைக்கு ஒத்துவராவிட்டால்தான் ஒவ்வொரு ஆர்டரும் கையைக் கடிக்கும். ஆகவே மென்பொருளைத் தேடுவதற்கு முன்பு, நீங்கள் செய்யும் பொருள்களில் ஒன்றை மேசைமேல் வைத்து, அது வாங்குபவரின் வீட்டு வாசலைச் சேரும் வரை என்னென்ன நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நடுத்தரக் கூடையை 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புகிறோம். தராசில் அது ஒரு கிலோவைக்கூடத் தொடாது. ஆனால் கூரியர் நிறுவனங்கள் பலவும் இந்த மூன்று அளவுகளையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வால்யூமெட்ரிக் எடை என்று ஒரு கணக்குப் போடுகின்றன. உண்மையான எடை, இந்தக் கணக்கு எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. 36,000-ஐ 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ வருகிறது. ஒரு கிலோவுக்கான கட்டணத்தை வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொண்டு ஏழு கிலோவுக்கான பில்லைக் கட்டினால் கூடையின் லாபம் முழுவதும் பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கே போய்விடும்.

எனவே எந்த மென்பொருளானாலும் முதலில் கேட்க வேண்டியது, ஷிப்பிங் கட்டணத்தை அது எப்படிக் கணக்கிடுகிறது என்பதுதான். எடையை மட்டுமே வைத்துக் கணக்கிடும் மென்பொருளில், எடைக் கட்டத்தில் தராசு காட்டுவதை விட்டுவிட்டு 7.2 என்றே எழுதிவிடலாம்; ஒற்றைக் கூடைக்கு அது சரியாக வரும். சிக்கல் மூன்று கூடைகள் வாங்கும்போது தொடங்குகிறது. சிறியது பெரியதற்குள் அடங்கிவிடுவதால் பெட்டி ஒன்றுதான், ஆனால் மென்பொருளோ மூன்று எடைகளையும் கூட்டிக் காட்டும். வாங்க வந்தவர் அந்தத் தொகையைப் பார்த்ததும் வெளியேறிவிடுவார். வூகாமர்ஸ் என்னும் இலவசக் கார்ட் மென்பொருளில் பொருள்களை ஷிப்பிங் கிளாஸ் என்னும் வகைகளாகப் பிரித்து, ஓர் ஆர்டரில் உள்ளவற்றில் கட்டணம் மிகுந்த வகைக்கு மட்டும் வசூலிக்கும்படி அமைக்க முடியும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் பொருளுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. சுடுமண் நகை செய்பவருக்கு இந்தத் தலைவலியே இல்லை. அவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

அடுத்தது இருப்பு. கையால் செய்யும் பொருளில் ஒரே ஒரு துண்டு மட்டுமே இருப்பது உண்டு. நாங்கள் முதலில் வைத்திருந்த மலிவான சேவையில், ஒரு தீபாவளி வாரத்தில் சிவப்புக் கரை போட்ட ஒரே பெட்டியை இருவர் பணம் கட்டி வாங்கிவிட்டார்கள். ஒருவருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பி மன்னிப்பும் கேட்க வேண்டியதாயிற்று. கார்ட்டில் போட்டவுடன் பொருள் வாங்குபவருக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அப்படி நடப்பதில்லை. ஆர்டர் பதிவாகிப் பணம் வந்து சேராத இடைவெளியில் பொருளை எத்தனை நிமிடம் நிறுத்திவைப்பது என்பதை நாம் குறிக்க முடிகிறதா என்று பாருங்கள். வூகாமர்ஸில் அது இயல்பாக 60 நிமிடமாக இருக்கிறது. கண்காட்சியிலும் இன்ஸ்டாகிராமிலும் அதே பொருளை விற்பவர்கள், கைபேசியிலிருந்தே இருப்பைச் சுழியமாக்க முடிகிறதா என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இனி செலவு. 400 ரூபாய்க் கொட்டான், மாதம் 30 ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளின் மாத வாடகை 1,500 ரூபாய் என்றால் ஒவ்வொரு கொட்டானின் தலையிலும் 50 ரூபாய் ஏறுகிறது. வாடிக்கையாளரின் பணத்தை வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே 2 விழுக்காடு பிடித்தால் 8 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 9.44 ரூபாய். (கூரியர் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகைக்கே இந்தப் பிடித்தம் என்பதை மறந்துவிடக் கூடாது.) ஷாப்பிஃபை என்னும் வாடகை மென்பொருளின் சொந்தப் பேமென்ட் சேவை இந்தியாவில் இல்லாததால், வெளி கேட்வே வழியாக வரும் ஒவ்வொரு ஆர்டருக்கும் பேசிக் (Basic) திட்டத்தில் அது தனியாக 2 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது, அது இன்னொரு 8 ரூபாய். ஆக 400-இல் ஏறத்தாழ 67 ரூபாய், ஓலைக்கும் கூலிக்கும் முன்னாலேயே போய்விடுகிறது. ஆர்டர் 150 ஆனால் அதே வாடகை கொட்டானுக்கு 10 ரூபாயாகக் குறைந்துவிடும். வாடகை மென்பொருள் விலை கூடுதலா என்ற கேள்விக்கு, உங்கள் ஆர்டர் எண்ணிக்கையைச் சொல்லாமல் யாரும் பதில் தர முடியாது.

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மேல் இயங்கும் வூகாமர்ஸ் இலவசம்தான், ஆனால் ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் சர்வர் இடமும்) டொமைனும் (தளத்தின் இணைய முகவரியும்) இலவசமில்லை. அப்டேட் செய்வதும் பேக்கப் எடுப்பதும் உங்கள் வேலை. வீட்டில் கணினி பழகிய ஒருவர் இருந்தால் நான் அதையே சொல்வேன். இல்லையென்றால் ஷாப்பிஃபை, ஜோஹோ காமர்ஸ் போன்ற வாடகைச் சேவைகளே நிம்மதி. மெஜென்டோ போன்ற பெரிய மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். மாதம் பத்து ஆர்டருக்குக் கீழே என்றால், வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு பொருள் பட்டியலும் (கேட்டலாக்) ஒரு பேமென்ட் லிங்கும் போதும். கூடை விற்பவருக்குக் கார்ட் கட்டாயமில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, மொத்த விலையும் அதன் பிரிவுகளும், திருப்பி எடுக்கும் விதிமுறை, குறைதீர் அலுவலர் விவரம் ஆகியவை வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். ஒப்புதல் கட்டங்களை முன்கூட்டியே டிக் செய்து வைக்கக் கூடாது. இவற்றை மென்பொருளில் எங்கே அமைப்பது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு விவரங்களைக் கடைக்காரர் சேமிப்பது 2022 அக்டோபர் முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால் கார்டு வழியாகப் பணம் வாங்கும் வேலையை முழுவதுமாக கேட்வேயிடமே விட்டுவிட வேண்டும். வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி பதிவில் கைவினைப் பொருள்களுக்குத் தனி விலக்கு உண்டு. அது உங்கள் பொருளுக்குப் பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே வெளிமாநில பின்கோடுகளைத் திறந்துவிடுங்கள்.

டொமைனை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். கடை அமைத்துத் தருபவரின் பெயரில் இருந்தால், அவரோடு மனத்தாங்கல் வரும் நாளில் கடையின் பெயர்ப்பலகையே போய்விடும். பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் பட்டியல்களைச் சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பாக) இறக்க முடியாத சேவையில் சேர வேண்டாம்.

எஞ்சியிருப்பது சோதனை. இலவச முன்னோட்டக் காலத்திலோ முதல் மாதத்திலோ, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் சொல்லி, பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில், வைஃபை இல்லாமல், ஒரு கூடையை வாங்கச் சொல்லுங்கள். கணக்குத் தொடங்காமலேயே வாங்க முடிகிறதா, யுபிஐ செயலிக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஆர்டர் அப்படியே இருந்ததா, மொத்தத் தொகை எந்தப் பக்கத்தில் தெரிந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஆர்டரை ரத்து செய்யச் சொல்லி, இருப்பு தானாக மீண்டும் ஒன்றாகிறதா என்றும், பணம் அவர் கணக்கில் எத்தனையாவது நாளில் ஏறுகிறது என்றும் பாருங்கள்.