பெருமூளை வாதமுள்ள பிள்ளையின் சமநிலையையும் நடையையும் மதிப்பிடுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், பெருமூளை வாதமுள்ள (செரிப்ரல் பால்சி) பிள்ளையை நிபுணரிடம் காட்டுவதென்றால் பெரும்பாலும் ஈப்போவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பயணத்தில் களைத்துப்போன பிள்ளை, பழக்கமில்லாத அறையின் வழவழப்பான தரையில் சிறிது நேரம் நடந்து காட்டுவதை மட்டும் பார்த்து ஸ்பிளின்ட் (காலைத் தாங்கும் பட்டை), தசை இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசி, அறுவைச் சிகிச்சை பற்றியெல்லாம் முடிவெடுப்பது மருத்துவருக்கும் கடினம். பிள்ளை அன்றாடம் நடமாடும் இடத்தில் பெற்றோரோ பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு மையத்துப் பயிற்றுநரோ முறையாக எடுத்துவைக்கும் பதிவு இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும். இங்கே சொல்லப்படுவது, நோய் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்ட பிள்ளையின் இயக்கத்தைக் காலந்தோறும் ஒரே விதமாக அளக்கும் முறை மட்டுமே.

முதலில் பிள்ளையின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவில் ராபர்ட் பலிசானோவும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்டு, 2007இல் விரிவாக்கிய ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்னும் உடலியக்கத் திறன் பகுப்பில் ஐந்து நிலைகள் உள்ளன. 6 வயதைக் கடந்த பிள்ளையைப் பொறுத்தவரை, கைப்பிடியைப் பற்றாமல் படியேறுவது முதல் நிலை. நடக்க முடிந்தாலும் மேடுபள்ளத்திலும் நெடுந்தூரத்திலும் சிரமப்பட்டு, கைப்பிடியைப் பற்றிப் படியேறுவது இரண்டாம் நிலை. வாக்கரோ ஊன்றுகோலோ பிடித்து நடப்பது மூன்றாம் நிலை. பெரும்பாலும் சக்கர நாற்காலியில் செல்வது நான்காம் நிலை. தலையையும் உடலையும் நிமிர்த்தி வைக்கவே பிறர் துணை தேவைப்படுவது ஐந்தாம் நிலை. பிள்ளை வழக்கமாக என்ன செய்கிறது என்பதே இங்கே கணக்கு. பாட்டி வந்திருந்தபோது ஒரே ஒருமுறை பிடிக்காமல் படியேறியது மகிழ்ச்சியான செய்தி என்றாலும், அதைக் கொண்டு நிலையைத் தீர்மானிக்கக் கூடாது.

அடுத்ததாக, மெல்பர்னில் உருவான எஃப்.எம்.எஸ். என்னும் நடமாட்ட அளவுகோல் தோட்டப்புற வாழ்க்கைக்கு மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. 5, 50, 500 மீட்டர் என்னும் மூன்று தூரங்களை அது தனித்தனியாகக் கேட்கிறது: வீட்டுக்குள், பள்ளி வளாகத்தில், வெளியிடங்களில். எந்தத் தரையிலும் துணையின்றி நடந்தால் 6, சமதரையில் மட்டும் துணையின்றி நடந்தால் 5, கைத்தடியுடன் 4, ஊன்றுகோலுடன் 3, வாக்கருடன் 2, சக்கர நாற்காலியில் 1 என்று குறிக்க வேண்டும். வீட்டுக்குள் 5, தமிழ்ப்பள்ளியில் 2, கோயிலுக்குப் போகையில் 1 என ஒரே பிள்ளைக்கு மூன்று எண்கள் வரலாம். அந்த வேறுபாடுதான் மருத்துவருக்குத் தேவையான தகவல்.

இனி நடை. இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். பி.டி.கே. மையத்தின் தாழ்வாரத்திலோ பள்ளி மண்டபத்திலோ 10 மீட்டர் அளந்து, இரு முனையிலும் தரையில் டேப் ஒட்டி, அதற்கு முன்னும் பின்னும் 2 மீட்டர் விட்டுவிடுங்கள். வேகம் எடுப்பதும் குறைப்பதும் கணக்கில் சேரக் கூடாது. முட்டி தெரியும்படி அரைக்கால் சட்டை அணிவித்து, முதலில் வெறுங்காலுடனும் பிறகு ஸ்பிளின்ட்டும் சப்பாத்தும் அணிந்தும் நடக்கச் சொல்லி, நேரத்தையும் அடிகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் அசையாமல் வைத்து, முன்புறம், பின்புறம், இரு பக்கவாட்டு என நான்கு கோணங்களில் காணொளி எடுங்கள். துணைக்கு வருபவர் பிள்ளையின் பலவீனமான பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி நடக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டால் சமநிலைக் குறை மறைந்துவிடும்.

காணொளியை மெதுவாக ஓடவிட்டுக் காலிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். தரையில் முதலில் படுவது குதிகாலா, முழுப்பாதமா, விரல்நுனியா? உடற்பாரம் அந்தக் காலில் இறங்கும்போது முட்டி மடிந்தே இருக்கிறதா, பின்னோக்கி வளைகிறதா? தொடைகள் ஒன்றையொன்று உரசிக் குறுக்கிடுகின்றனவா? உடல் ஒரு பக்கமாகச் சாய்கிறதா? குதிகால் தரையில் படாத பிள்ளையைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கியும் நீட்டியும் பாதத்தை மெதுவாக மேலே தள்ளிப் பார்த்து, எவ்வளவு வருகிறது என்பதை எழுதுங்கள். முட்டியை நீட்டும்போது மட்டும் இறுகினால் கெண்டைக்கால் தசைகளில் மேலாக உள்ளதே குறுகியிருக்கக்கூடும். வலிக்கும் அளவுக்குத் தள்ளவே கூடாது.

இந்தச் சோதனையோடு நிறுத்தாமல் வெளியேயும் பாருங்கள். சிமெண்டுத் தரையில் தடுமாறாமல் நடக்கும் ஒரு சிறுமி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கால்வாய்மேல் போட்ட பலகையருகே வந்ததும் நின்று, வலக்கையைச் சுவரில் ஊன்றி, இடக்காலின் பெருவிரலால் பலகையைத் தொட்டுப் பார்த்த பிறகே அடியெடுத்து வைப்பாள். இது எந்தத் தாழ்வாரத்திலும் தெரியாது.

சமநிலைக்கென 14 செயல்களும் மொத்தம் 56 மதிப்பெண்ணும் கொண்ட குழந்தைகளுக்கான அளவுகோல் உண்டு. முழுமையாக அதைச் செய்வதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் விட்டுவிடலாம். வீட்டில் நான்கு போதும்: பாதங்களைச் சேர்த்து நிற்பது, ஒற்றைக்காலில் நிற்பது, தரையிலுள்ள பொருளைக் குனிந்து எடுப்பது, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து அமர்வது. சுவரில் ஒரு படம் ஒட்டி, அதைத் தொட்டுவிட்டு வரச் சொன்னால் சின்னப் பிள்ளைகளும் புரிந்து செய்வார்கள். உட்கார மட்டும் முடிந்த பிள்ளையை, பாதம் தரையில் பதியும் குட்டையான பலகையில் அமர்த்தி, பக்கவாட்டில் எவ்வளவு தூரம் எட்டிப் பொம்மையை எடுத்துத் திரும்ப நிமிர்கிறது என்று பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே வேளையில், அதே சப்பாத்துடன் மீண்டும் அளங்கள்; ஊசிக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் முன்னும் பின்னும் தவறாமல் அளங்கள். காய்ச்சல் நாளில் வேண்டாம். நடக்காத பிள்ளைகளுக்கே இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து மிகுதி என்பதால், வலி இல்லாவிட்டாலும் இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெருமூளை வாதத்துக்குக் காரணமான மூளைப் பாதிப்பு நாளடைவில் பெருகுவதில்லை. ஆகவே செய்துகொண்டிருந்த ஒன்றைப் பிள்ளை திடீரென்று செய்ய முடியாமல் போனால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய காணொளியையும் கையோடு கொண்டு போங்கள்.