லினோ தகட்டில் ஒராங்குட்டான்: எண்ணிட்ட அச்சுப் பதிப்பு செய்வது எப்படி?

முதலில் எந்த ஒராங்குட்டான் என்று முடிவு செய்யுங்கள். போர்னியோ, சுமத்ரா, தபனுலி என மூன்று இனங்கள் உண்டு. முகம் ஒன்றுபோல் இருக்காது. என் பரிந்துரை தபனுலி ஆண். வடக்கு சுமத்ராவின் பத்தாங் தோரு காட்டில் மட்டுமே வாழும் இதை 2017-இல்தான் தனி இனமாக அறிவித்தார்கள். எஞ்சியிருப்பவை 800-க்கும் குறைவு. சுருண்ட முடி, எடுப்பான மீசை, தட்டையான கன்ன மடல்கள்: உளிக்கு அருமையான முகம்.

லினோ தகடு (உளியால் எளிதாகச் செதுக்கக்கூடிய லினோலியம் தகடு), உளிகள், ரப்பர் ரோலர், அச்சு மை, கண்ணாடித் துண்டு, மரக்கரண்டி, கொஞ்சம் தடித்த தாள் போதும்.

ஓவியத்தை டிரேசிங் தாளில் பென்சிலால் வரைந்து, தகட்டின்மேல் கவிழ்த்துத் தேய்த்து இறக்குங்கள். தகட்டில் இடவலமாக மாறும் படம் அச்சில் நேராகிவிடும்.

செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. உளி எப்போதும் உடலைவிட்டு விலகிப் போகட்டும். மற்றக் கை அதன் முன்னால் வரவே கூடாது. தகடு கடினமாக இருந்தால் சற்று வெயிலில் வையுங்கள்.

முடியில் அவசரம் வேண்டாம். மேற்கையில் அது தோளிலிருந்து முழங்கையை நோக்கி இறங்கும். முன்கையிலோ மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஏறும். உளியும் அந்தப் போக்கிலேயே போனால்தான் கை உயிருள்ள கையாகத் தெரியும். கண்ணில் குண்டூசித் தலையளவு ஒரே ஒரு வெட்டு. அந்த ஒளிப்புள்ளி பெரிதானால் பார்வை கெட்டுவிடும்.

கண்ணாடியில் மையை மெல்லியதாகப் பரப்பித் தகட்டில் உருட்டுங்கள். தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேயுங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, மை ஏறாத இடத்தை மறுபடி தேய்க்கலாம். எண்ணெய் மை காயச் சில நாட்களாகும்.

எத்தனை பிரதி என்பதை விற்பனைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். இருபது என்றால் இருபதுதான். சோதனை அச்சுகள் கணக்கில் சேராது. படத்துக்குக் கீழே இடப்பக்கம் 1/20 என்று எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையொப்பம், எல்லாம் பென்சிலில். கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் சில பிரதிகளைத் தனியே குறிப்பது வழக்கம்.

கடைசிப் பிரதி எடுத்ததும் தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கீறிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் வாங்கியவருக்கு நீங்கள் தந்த வாக்கு அது. கீறிய தகட்டில் ஓர் அச்சு எடுத்து வைத்தால், பதிப்பு முடிந்ததற்கு அதுவே சான்று.