ஸ்டேட்டிக்-99ஆர் போடும்போது எங்கே சறுக்குகிறது?

பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்ற ஒருவர் மறுபடி அதையே செய்வாரா? அந்த ஆபத்தை மதிப்பெண்ணாக அளக்கும் கருவிதான் ஸ்டேட்டிக்-99ஆர். எதிரே உட்கார வைத்துப் பேசிவிட்டு ‘ஆள் திருந்திவிட்டார்’ என்று எழுதுவது இத்துறையின் பழைய வியாதி. ஹேன்சன், புஸ்ஸியேர் என்ற ஆய்வாளர்கள் 1998இல் 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நிபுணரின் வெறும் கணிப்பு பெரிதாகக் கைகொடுக்கவில்லை. குற்றத்தை மறுப்பதும், பாதிக்கப்பட்டவர்மேல் இரக்கமில்லாததும்கூட மறுகுற்றத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. அறையில் ஒருவர் அழுதாரா, முறைத்தாரா என்பதை வைத்து மதிப்பெண் போட முடியாது.

அதனால் முதலில் கோப்பு, பிறகுதான் ஆள். கனடாவின் ஹேன்சனும் இங்கிலாந்தின் தார்ன்டனும் 1999இல் உருவாக்கிய ஸ்டேட்டிக்-99இல் 10 கேள்விகள். வயதுக்கான மதிப்பெண்ணைத் திருத்தி வந்ததுதான் 99ஆர். மொத்தம் -3 முதல் 12 வரை. வயதுவந்த ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குக் கூடாது, குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருந்தது மட்டுமே குற்றம் என்றாலும் கூடாது.

ஓர் ஆளைக் கற்பனையாக எடுத்துப் போட்டுப் பார்ப்போம். விடுதலையாகும்போது வயது 42: -1. (35க்குக் கீழே +1, 40க்குக் கீழே 0, 60 ஆனால் -3.) துணையோடு தொடர்ந்து 2 ஆண்டுகளாவது வாழ்ந்திருக்கிறார்: 0. இப்போதைய வழக்கில் தனியாக அடிதடித் தண்டனை இல்லை: 0. முன்பு ஒன்று உண்டு: 1. முந்தைய பாலியல் குற்றத்தில் ஒரு தண்டனை: 1. தண்டனை விதிக்கப்பட்ட முந்தைய தேதிகள் 3 (4 இருந்தால்தான் மதிப்பெண்): 0. உடலைத் தொடாத பாலியல் குற்றத்தில் தண்டனை இல்லை: 0. பாதிக்கப்பட்டவர்களில் உறவினர் அல்லாதவர் உண்டு: 1. முன்பின் தெரியாதவர் இல்லை: 0. ஆண் உண்டு: 1. கூட்டினால் 3, அதாவது மூன்றாம் நிலை, சராசரி ஆபத்து.

சறுக்கல் பெரும்பாலும் ‘முந்தைய பாலியல் குற்றம்’ என்ற கேள்வியில்தான். இப்போதைய வழக்கையும் சேர்த்து எண்ணிவிட்டால் தண்டனை இரண்டாகி, மதிப்பெண் 2 ஆகும். மொத்தம் 4, ஆள் சராசரியைவிட அதிக ஆபத்துள்ள நிலை 4அ-வுக்கு ஏறிவிடுவார். இடையில் பிடிபடாமல் செய்த பல குற்றங்கள் ஒன்றாக வெளிவந்தால், நடந்த ஆண்டுகள் வேறாக இருந்தாலும், அவை ஒரே கொத்து, ‘முந்தையது’ ஆகாது. குற்றச்சாட்டு, தண்டனை என இரண்டு கணக்கும் போட்டு, எது அதிக மதிப்பெண் தருகிறதோ அதை எடுக்க வேண்டும். ‘முன்பின் தெரியாதவர்’ என்பதற்கு அளவு 24 மணி நேரம்: குற்றத்துக்கு அதற்கும் மேலான நேரம் முன்பே அறிமுகமானவர் அதில் சேரமாட்டார். துணையோடு வாழ்ந்ததற்கு அவர் வாய்ச்சொல்லை ஏற்கலாம். குற்ற வரலாற்றுக்குப் பதிவேடு வேண்டும்.

அடுத்தது பேட்டி. எதை ரகசியமாக வைக்க முடியாது என்பதை உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். இந்தியாவில், பாதிக்கப்பட்டது இதுவரை வெளிவராத குழந்தை ஒன்றைப் பற்றி அவர் சொன்னால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் தந்தே ஆக வேண்டும். ஸ்டேட்டிக்கில் வயதைத் தவிர மற்றவற்றின் மதிப்பெண் பெரும்பாலும் இறங்காது. சிகிச்சையின் பலன் அதில் தெரியாது. அதற்கு, மாறக்கூடியவற்றை அளக்கும் ஸ்டேபிள்-2007 என்ற இன்னொரு கருவி: 13 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. கூடாநட்பு, அவசர புத்தி, பெண்கள்மேல் பகைமை, மன உளைச்சலுக்குக் காமத்தை மருந்தாக்குவது போன்றவை. மொத்தம் 12 அல்லது அதற்கு மேல் போனால் சிகிச்சையும் கண்காணிப்பும் அதிகம் தேவை.

அறிக்கையில் ‘இவர் மறுபடி செய்வார்’ என்று எழுதாதீர்கள். ஸ்டேட்டிக்-99ஆரின் துல்லியம் ஏறக்குறைய 0.70. அதாவது மறுகுற்றம் செய்த ஒருவரையும் செய்யாத ஒருவரையும் குலுக்கி எடுத்தால், 100க்கு 70 முறை முன்னவருக்கு மதிப்பெண் கூடுதலாக இருக்கும். அவ்வளவே. கனடா, இங்கிலாந்துக் கைதிகளை வைத்துப் பிறந்த கருவி என்பதால், அதன் சதவீத அட்டவணையை இந்தியக் கைதியின் தலையில் அப்படியே ஒட்டக் கூடாது. மதிப்பெண், நிலை, போட்ட தேதி, பார்த்த ஆவணங்கள், கிடைக்காத ஆவணங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் குறுக்கு விசாரணையில் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார்.