இரண்டாவது மணிக்குத்தான் அம்மா

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 1இல் சேர்த்த மகன், காலையில் சிரித்தபடி போய், இடைவேளைக்குப் பிறகே தினமும் அழுதான். பயம் என்றெண்ணி முதல் வாரம் வகுப்பு வாசலில் நின்றேன். அது அழுகையைக் கூட்டவே செய்தது. பிஸ்கட்டும் பயனளிக்கவில்லை.

எட்டாம் நாள் ஆசிரியை சொன்னதுதான் துப்பாயிற்று: இடைவேளை மணி அடித்ததும் ரொட்டியைத் தொடாமல், புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்து நிற்கிறானாம். “மணி அடித்ததும் வந்துவிடுவேன்” என்று நாள்தோறும் சொல்லி அனுப்பியவள் நான்தான்!

அன்றிரவு எங்கள் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலில் கரண்டியால் தட்டைத் தட்டி, முதல் மணிக்கு ரொட்டி, அடுத்த மணிக்கு அம்மா என்று விளையாடிக் காட்டினேன். மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பெட்டி காலியாக வந்தது, நிம்மதி. பாடசாலை விடும் 11.30 மணிக்கு நான் ஒரு நிமிடமும் பிந்துவதில்லை.