லூபஸ்னா வெறும் ஓநாய் இல்ல: லத்தீன் படிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதுசா லத்தீன் படிக்கிற ஒரு தம்பியோட நோட்டைப் பாத்தேன். "கிரேக்க லூகோஸ்தான் லத்தீன்ல லூபஸ் ஆச்சு"ன்னு முதல் வரி, ரெண்டுக்கும் ஓநாய்னுதான் அர்த்தம். நானும் இதே வரியை எழுதினவன்தான். வேற்றுமை உருபு மாறிப்போற தப்பெல்லாம் தானா சரியாயிடும், அதை விட்டுடறேன்.

கிரேக்கத்துலேருந்து வந்துச்சுன்னு முடிவு கட்டறது

இன்னிக்கும் எரிச்சல் தர்றது இதுதான். இந்த ஒரு வரியை நம்பி இருபது பக்கம் எழுதி, அத்தனையும் கிழிச்சுப் போட்டேன், மூணு மாசம் போச்சு. லூகோஸும் லூபஸும் அக்கா தங்கச்சி, ஒண்ணு பெத்து இன்னொண்ணு வரல. ரெண்டுக்கும் மூலமான இந்தோ ஐரோப்பியச் சொல்லுல "க்வ" ஒலி இருந்துச்சு, இங்கிலீஷ் வுல்ஃப் அதே வேர்தான், பீமனுக்கு விருகோதரன்னு ஒரு பேர் உண்டே, ஓநாய் வயித்துக்காரன்னு, அந்த விருகமும் அதே வேர்தான். லத்தீன் அந்த "க்வ"வை விடாது, யாருன்னு கேக்க க்விஸ், அஞ்சுக்கு க்வின்க்வே. பழைய இத்தாலியில லத்தீனுக்குப் பக்கத்துல பேசின ஆஸ்கன் பாஷையிலதான் அது "ப" ஆகும், க்விஸ் அங்க பிஸ். அப்ப ரோம்காரங்க சொந்தச் சொல்லா இருந்தா லூபஸ்ல "ப" எப்படி வரும்? ஆஸ்கன் மாதிரி பாஷை பேசின மலைப்பக்கத்து ஜனங்ககிட்டேருந்து வந்த சொல்லுன்னுதான் பெரும்பாலான மொழி அறிஞர்கள் சொல்றாங்க. மாட்டுக்கான போஸும் அப்படித்தான், லத்தீன் கணக்குப்படி அது "வ"ல ஆரம்பிச்சிருக்கணும். ஆடு மாடு மேய்க்கிறவங்க உச்சரிப்பு ரோம் வரைக்கும் வந்து நின்னிருக்கு, ஒரே ஒரு எழுத்துல அது தெரியுது. கிரேக்கம்னு சொல்லி முடிச்சா இது அத்தனையும் போச்சு.

எங்க பாத்தாலும் ஓநாய்னு படிக்கிறது

ரோமானியக் கவிஞர் ஹோரஸோட ஒரு கவிதையில, இந்த லூபஸ் ரோம்ல ஓடுற டைபர் ஆத்துல பிடிச்சதா கடல்ல பிடிச்சதான்னு பேச்சு வரும். அது மீன். முள்ளு வச்ச குதிரைக் கடிவாளமும் லூபஸ்தான். கிணத்துல விழுந்ததை எடுக்க நம்ம ஊர்ல பாதாளக்கரண்டி விடுவோமே, அந்த மாதிரி இரும்புக் கொக்கிக்கும் இதே பேர்.

லூபா

பெண் ஓநாய், விலைமாது, ரெண்டுமே. ரோமை உருவாக்கின ரோமுலஸுக்கு லூபா பால் குடுத்த கதையைத் தொடும்போது ரெண்டாவது அர்த்தத்தை மறைக்காதீங்க, ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியே சொல்லியிருக்கார்.

லூபஸ் நோய்

சதையைத் தின்னுற புண்ணுக்கு வச்ச பேர். ஓநாய் கடிச்சு வர்றதில்ல.

பாதி மேற்கோள்

"மனுஷனுக்கு மனுஷன் ஓநாய்"ங்கறதை இங்கிலாந்து தத்துவஞானி ஹாப்ஸ் தலையில கட்டிடறாங்க. அவர் எடுத்துச் சொன்னார் அவ்ளோதான், அதுக்கு ரொம்ப முன்னாடியே ரோமானிய நாடக ஆசிரியர் பிளாட்டஸோட நாடகத்துல இருக்கு. அங்க ஒரு வியாபாரி, முன்ன பின்ன தெரியாத ஆள்கிட்ட பணத்தைத் தர முடியாதுன்னு சொல்றப்ப பேசற வசனம் அது, "அவன் எப்படிப்பட்டவன்னு தெரியாதப்போ"ங்கற வார்த்தையும் அதே வரியில இருக்கு.